தண்ணீரை ஒளித்து வைத்த வீடு

எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பது திருட்டு வேலை. சமையலறைக்குள் போய், கதவை ஒருக்களித்துவிட்டு, தம்ளரை உதட்டில் பொருத்தி உறிஞ்ச வேண்டும். அண்ணாந்து மடக் மடக்கென்று குடிக்கக் கூடாது. குடித்த தம்ளரைத் துணியால் துடைத்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில்களை அம்மா செய்தித்தாளில் சுற்றி, காய்கறிகளுக்குப் பின்னால் படுக்க வைத்திருப்பாள். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் மற்றப் பிள்ளைகள் கையைக் குவித்து வாய் நிறையக் குடிப்பதைப் பார்த்து, இவர்களுக்கு வெட்கமே இல்லையா என்று நினைத்திருக்கிறேன்.

காரணம் அப்பா. அவர் குதிரைப் பந்தய ஜாக்கி. பல ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியன். தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. 'வளைவு' என்பார்கள். கடைக்காரர்கூட "வளைவு வீட்டுக்கா?" என்று கேட்டுத்தான் பொட்டலம் கட்டுவார். மற்றவர்கள் முட்டி மோதிக்கொண்டு முன்னால் பறக்கும்போது அப்பா குதிரையைக் கடைசியில் இழுத்துப் பிடித்துக்கொண்டே வருவார். கூட்டம் வாய்க்கு வந்தபடி ஏசும். கடைசி வளைவில் கடிவாளத்தைத் தளர்த்துவார். ஏசிய அதே வாய்கள் அதற்குப் பிறகு அவரைக் கொண்டாடும்.

இப்போது அவர் பெயரில் ஒரு கோப்பை வைத்திருக்கிறார்கள். போன வாரம் அந்தப் பந்தயம் நடந்தபோது, ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் சொன்னார்: "பிறவியிலேயே இறகு போன்ற உடல் வாய்க்கப்பெற்றவர்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. அந்த இறகைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது ஒரு பொய் என்பதையும்.

அப்பாவின் குடும்பமே எலும்பு கனத்த குடும்பம். லாரி ஓட்டும் சித்தப்பா வீட்டுக்கு வருகிறார் என்றால் மர நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு இரும்பு நாற்காலியை எடுத்துப் போடுவோம். அந்த உடம்பேதான் அப்பாவுக்கும். ஆனால் பந்தயத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் இவ்வளவு எடைதான் சுமக்கலாம் என்று விதி உண்டு. ஓடுவதற்கு முன் ஜாக்கி சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு எடை நாற்காலியில் உட்கார வேண்டும். ஓடி முடித்ததும் அதே சேணத்தோடு மறுபடி உட்கார வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஜெயித்தது ஜெயித்ததாகாது. அதனால் முதல் எடைக்கும் இரண்டாவது எடைக்கும் நடுவில் யாரும் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. முதல் எடைக்கு முன்னால் குடிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

உச்சி வெயிலில் ரப்பர் கோட்டு, அதன் மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் ஓடுவார். ஜன்னல்களை அடைத்துவிட்டு ஆவி பறக்கும் தொட்டியில் கிடப்பார். அப்படியும் எடை முள் இறங்கவில்லை என்றால் சூயிங்கம்மை மென்று மென்று ஒரு தகர டப்பாவில் எச்சிலைத் துப்புவார். எச்சிலுக்கும் எடை உண்டு என்பதை நான் எழுத்துக் கற்பதற்கு முன்பே கற்றுக்கொண்டேன். அந்த டப்பாவைக் கழுவியவள் அம்மா. தொட்டிக்கு வெந்நீர் சுமந்தவள் அம்மா. அவர் கண்ணில் படாமல் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து வளர்த்தவளும் அவள்தான்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை தட்டில் இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லையாம். பெண் வீட்டார் மெச்சிப் போனார்களாம். அம்மா அதை இப்படிச் சொல்வாள்: "அடக்கமான ஆளுன்னு கட்டிக்கிட்டேன். பட்டினின்னு மறுநாள் ரேஸுக்குக் கிளம்பினப்பத்தான் தெரிஞ்சுது."

அம்மாவுக்குத் தையல் வேலை. ஜாக்கிகள் போடும் வண்ணச் சட்டைகளை லாயக்காரர்கள் அவளிடம்தான் கொடுப்பார்கள். வழவழவென்று ஊசிக்குப் பிடிபடாமல் ஓடும் துணி. பை கிடையாது, மடிப்பு கிடையாது, மணிக்கட்டில் மட்டும் எலாஸ்டிக். மற்றவர்களுக்கு இரட்டைத் தையல் போடுவாள். அப்பாவின் சட்டைக்கு மட்டும் ஒற்றைத் தையல். நூலுக்கும் எடை உண்டே. அதனால் அவர் சட்டைதான் அடிக்கடி கிழியும். கிழிந்த சட்டையைப் பார்க்கும்போதெல்லாம், "புருஷன் பேரு ஊரெல்லாம். என் பேரு இந்தக் கிழிசல்ல" என்பாள்.

அப்பா ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். உள்ளே கல் கல்லாக இருந்ததாம். இன்னொன்றில் பாதி வேலை செய்தது. டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "இந்தப் பாதிய வெச்சு நீங்க நல்லபடியாவே காலத்தை ஓட்டிடலாம். உடம்பை வறள மட்டும் விடாதீங்க. இன்னொரு தடவை வறண்டா இதுவும் போயிடும். அப்புறம் டயாலிசிஸ் மெஷின்தான்."

அன்றிலிருந்து அம்மா தம்ளரும் கையுமாக அலைந்தாள். "அத்தனை வருஷம் இந்த மனுஷன் கண்ணுல படாம தண்ணிய ஒளிச்சேன். இப்போ தண்ணிய வெச்சுக்கிட்டு இந்த மனுஷனத் தேடறேன்" என்பாள். அப்பா மருந்து போல முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். ஆனால் குடித்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அவருக்குக் கன்னம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரேஸ் கிளப்பின் செயலாளர் வந்தார். பெரிய பந்தயத்தன்று பழைய சாம்பியனைக் கௌரவிக்கப் போகிறார்களாம். பழைய பச்சை வெள்ளைச் சட்டையில் அப்பா வர வேண்டும். மகள் இரண்டு மொழியிலும் ஐந்து நிமிடம் பேச வேண்டும். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, என்னிடம் ஆங்கிலத்திலும் அப்பாவிடம் தமிழிலும் பேசினார். ஆங்கிலத்தில் என்னிடம், அப்பாவின் உடல்நிலை தங்களுக்குத் தெரியும் என்றும், சிரமம் எதுவும் தரமாட்டோம் என்றும் சொன்னார். அடுத்த மூச்சிலேயே அப்பாவிடம் திரும்பினார்.

"அந்தப் பழைய எடை நாற்காலி இன்னும் இருக்கு சார். அதுல ஒரு தடவை உங்கள உக்கார வைக்கணும்னு எல்லாருக்கும் ஆசை. முள்ளு அதே இடத்துல நிக்குமா? பந்தயம் கட்டலாம்னு பேசிக்கறாங்க."

அப்பா சிரித்தார். "நிக்காம?"

வாசல்படியில் நின்ற அம்மா கேட்டாள். "அவர் எடை குறைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. தெரியுமில்ல உங்களுக்கு?"

"ஐயோ, சும்மா ஒரு வேடிக்கைக்குத்தாங்க. எவ்ளோ காட்டுதோ காட்டட்டும்" என்றார் செயலாளர். அவருக்கு அது வேடிக்கைதான். அப்பாவின் பார்வை சுவரில் மாட்டியிருந்த கோப்பைப் படங்களுக்குப் போய்விட்டது. அந்தப் பார்வையை நான் கவனித்தேன். அம்மாவும் கவனித்தாள்.

பழைய சட்டை இற்றுப்போயிருந்தது. அம்மா புதுத் துணி வாங்கி வந்து, அப்பாவை நிற்க வைத்து அளவெடுத்து வெட்டினாள். அப்பா அந்த நாட்களில் மத்தியானம் மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தார். "எலும்புக்கு வெயில் நல்லதாம்" என்றார். அம்மா கொடுக்கும் தம்ளரை வாங்கிக்கொண்டு, "நான் மெதுவா குடிக்கறேன், நீ போ" என்பார். தம்ளர் காலியாகத்தான் திரும்பி வந்தது.

இரண்டு வாரம் கழித்து அம்மா சட்டையை அளவு பார்க்க ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு வந்தாள். வாயில் குண்டூசிகள்.

"கையத் தூக்குங்க."

தூக்கினார். சட்டை தோளிலிருந்து நழுவியது. அம்மா இடுப்பில் துணியைப் பிடித்தாள். கைநிறைய வந்தது. டேப்பை எடுத்து மார்பை அளந்தாள், இடுப்பை அளந்தாள். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து தையல் மெஷின் மேலிருந்த டப்பாவில் போட்டாள்.

"நான் அளவ தப்பா எடுத்தேனா?"

"துணி கொஞ்சம் இழுபட்டிருக்கும்" என்றார் அப்பா.

"நான் தச்ச துணியா இழுபடும்?"

அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. இலைகள் மஞ்சளாகி அடியில் கொட்டிக் கிடந்தன. அம்மா மண்ணில் விரலை விட்டாள். விரல் முழுக்க இறங்கியது. சேறு. வேர் அழுகிய நாற்றம் அறைக்குள் கிளம்பியது.

"செடியக் கொன்னுட்டீங்க" என்றாள். பிறகு குரல் மாறியது. "எந்தக் குதிரைக்கு? சொல்லுங்க. இந்த வயசுல எந்தக் குதிரை உங்களுக்காக லாயத்துல நிக்குது?"

"கத்தாதே. ஒரே ஒரு தடவ உக்காரப் போறேன். அப்புறம் நீ குடத்தோட கொண்டா, குடிக்கறேன்."

"குடிக்கறதுக்கு உள்ள ஏதாவது மிச்சம் இருக்கணுமே. பாதிதான இருக்கு. அந்தப் பாதி உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? நான் காவல் காத்த சொத்துய்யா அது."

அப்பாவை அம்மா 'ய்யா' போட்டுப் பேசி நான் கேட்டது அன்றுதான். அப்பா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அவ்ளோ பேரு பாக்கறப்போ முள்ளு தாண்டிப் போனா எனக்கு மூஞ்சி இருக்குமா? உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியாதா? உங்க எச்சில் டப்பாவக் கழுவினவளுக்குப் புரியாதா?"

நான் குறுக்கே போனேன். "அப்பா, அவங்க விளையாட்டுக்குச் சொன்னாங்க."

"எடை விளையாட்டில்லம்மா" என்றார் அப்பா. கோபமே இல்லாமல், ஏதோ எனக்குப் பாடம் சொல்வதுபோல. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்குப் பிடித்த மொழியிலேயே, மரியாதையாக, அந்த எடை நாற்காலியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டேன். விளம்பரத்தில் நாற்காலியைத்தான் போட்டிருக்கிறோம், இனி மாற்ற முடியாது என்றார். உங்கள் அப்பாவே உற்சாகமாக இருக்கிறாரே என்றார். பிறகு, சமாதானம் சொல்கிறாராம், "அவருடைய உடம்பு வாகு அப்படி. இறகு மாதிரி. ஒன்றும் ஆகாது" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நன்றி என்று சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கத்தியிருக்க வேண்டும். எனக்கு இரண்டு மொழி கற்றுக்கொடுத்தார்கள். இரண்டிலும் கத்தக் கற்றுக்கொடுக்கவில்லை.

அம்மா அன்றே டாக்டரம்மாவிடம் அப்பாவை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தாள். அவர் அறையைத் தாழிட்டுக்கொண்டார். உண்ணாவிரதம் இருந்து பார்த்தாள். பட்டினியில் அவரை யார் ஜெயிக்க முடியும்? கடைசியில் சட்டையைத் தைக்க மாட்டேன் என்றாள். "அப்போ பழசைப் போட்டுக்கறேன், இற்றுப்போனது இன்னும் லேசு" என்றார். அம்மா அழுதுகொண்டே தைத்தாள். இரட்டைத் தையல் போட்டாள். காலர் பட்டிக்குள் கனமான கான்வாஸ் வைத்தாள். பாவம், அவளால் முடிந்த பழி அவ்வளவுதான். அப்பா சட்டையைக் கையில் வாங்கி ஒருமுறை தூக்கிப் பார்த்தார். இன்னும் ஒருமுறை மாடிக்குப் போனார்.

பந்தயத்தன்று அவர் உதடு வெடித்திருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. கன்னம் காணாமல் போயிருந்தது. காரில் போகும்போது அம்மா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் அதை எடுத்துக் கீழே காலடியில் வைத்தார்.

எடை அறைக்குள் அம்மா அதுவரை போனதில்லை. ஜாக்கிகளின் மனைவிமார் அங்கே போவதில்லை. அன்று அவளை யாரும் தடுக்கவில்லை. வழியில் நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள். சிறிய அறை. சுண்ணாம்புச் சுவர், ஒரு பெஞ்சு, நடுவில் பித்தளைக் கைப்பிடி வைத்த அந்த நாற்காலி. அதன் மேல் வட்ட முகப்பில் பெரிய முள். அன்றைய பந்தயத்தில் ஓட வேண்டிய இளம் ஜாக்கிகள் சுவரோரம் தங்கள் முறைக்காக நின்றார்கள். எல்லார் உதடும் வெள்ளையாக இருந்தது. புகைப்படக்காரர்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள்.

அப்பா சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முள் ஆடியது. ஆடி நின்றது. எடை பார்க்கும் அதிகாரி எண்ணைப் படித்தார். பழைய எடை. அச்சுப் பிசகாமல் அதே எடை. அறை முழுக்கக் கைதட்டல். செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "இறகு! நான் சொல்லலையா?" என்றார்.

அப்பா முகத்தைச் சற்றே தூக்கினார். கோப்பைப் படங்களில் இருக்கும் அதே முகம். இரண்டு வாரமாக நான் அடக்கி வைத்திருந்த கோபம் அந்த ஒரு நொடி எங்கோ போனது. அவர் ஜெயித்துவிட்டார். மறுநொடி அது இரட்டிப்பாகத் திரும்பி வந்தது.

அம்மா பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "போதும். உக்காந்தாச்சு. குடிங்க."

அப்பா தலையசைத்தார். "ரேஸ் முடியட்டும்."

"நீங்க எங்க ஓடப் போறீங்க?"

"ரேஸ் முடிஞ்சு திரும்ப உக்காரணும். ரெண்டு எடையும் ஒத்துப்போகணும்."

செயலாளர் சிரித்தார். "சார் இன்னும் அதே கட்டுப்பாடு பாருங்க" என்று படக்காரர்களிடம் சொன்னார். இரண்டாவது எடை என்று யாரும் கேட்கவில்லை. விளம்பரத்தில் அது இல்லை. அப்பாவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. இளம் ஜாக்கிகள் ஒவ்வொருவராக எடை போட்டுக்கொண்டு குதிரைகளிடம் போனார்கள். படக்காரர்கள் போனார்கள். செயலாளர் பெரிய மனிதர்களோடு மாடத்துக்குப் போனார். கௌரவிக்கப்பட்ட மனிதர் சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வெளியே குளம்புச் சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்டன.

நான் கெஞ்சினேன். அவர் என் கன்னத்தைத் தட்டினார். விரல்கள் சருகாக இருந்தன.

அம்மா அவர் எதிரில் போய் நின்றாள். பாட்டிலைத் தூக்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. தண்ணீர் வாயோரம் வழிந்து புடவையை நனைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் முன்னால் குடித்த முதல் தண்ணீர். எடை அதிகாரி சங்கடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் ஒரு காலத்தில் ஜாக்கிதான்.

பாட்டிலை இறக்கி, அவள் கேட்டாள். "இப்பவாவது தாகம் எடுக்குதா?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. வீட்டில் எங்களிடம் சொல்லும் அதே குரலில், மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பக்கம் போய்க் குடி."

அம்மா போகவில்லை. அங்கேயே நின்று மீதியையும் குடித்து முடித்தாள்.

வெளியே இரைச்சல் உச்சத்துக்குப் போய் அடங்கியது. பந்தயம் முடிந்தது. அப்பா சேணத்தோடு எழுந்தார். நாற்காலி நாலு எட்டுத் தொலைவில்தான் இருந்தது. பாதி வழியில் கால் மடங்கியது. கீழே விழுந்தபோதும் சேணத்தை விடவில்லை. ஆஸ்பத்திரி வண்டியில் அதைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. என் ஐந்து நிமிடப் பேச்சு நடக்கவில்லை. அன்று இரண்டு மொழியிலும் சொல்ல வைத்திருந்தது வேறு. சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

அந்தப் பாதியும் போய்விட்டது. டாக்டரம்மா திட்டக்கூட இல்லை. மெஷினில் போடும் நாட்களைச் சொன்னார். பிறகு அம்மாவிடம் திரும்பி, இனிமேல் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை, அதனால் நாளுக்கு ஒரு சின்ன பாட்டில்தான், அதற்கு மேல் ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது என்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணுல படாம வெச்சுக்கோங்க, பாத்தா ஆசை வரும்" என்றும் சொன்னார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பழைய செய்தித்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சுற்றினாள். நான் உதவிக்குப் போனேன். "தொடாதே" என்றாள்.

மெஷினில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் எடை பார்ப்பார்கள். உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். மற்ற நோயாளிகள் அந்த எடை மேடையைக் கண்டாலே முனகுவார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்த சாவியையும் என்னிடம் கொடுத்துவிட்டு ஏறுவார். "சார் மட்டும்தான் எப்பவும் கரெக்டா இருக்காரு" என்பாள் நர்ஸ். அப்பா முகத்தைச் சற்றே தூக்குவார்.

அம்மா அதைப் பார்க்க நிற்க மாட்டாள். வராந்தாவின் கோடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாட்டிலை உதட்டில் பொருத்தி, சத்தம் வராமல் தண்ணீர் குடிப்பாள்.